ஜெஃப்ரி பாவா: தோட்டம் போட ஆசைப்பட்டுக் கட்டடக்கலைஞர் ஆனவர்

"ஜெஃப்ரி பாவா பணக்காரர்களுக்கு ஹோட்டல் கட்டினவர்தானே, செத்து இருபது வருடம் தாண்டியும் ஏன் இப்படித் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறீர்கள்?" என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். நானும் இருபத்தைந்து வயதில் இதையேதான் கேட்டேன். கட்டடத் துறையில் குவாண்டிட்டி சர்வேயராக, அதாவது கல்லையும் சீமெந்தையும் எண்ணிக் காசாக்கிச் சொல்லுகிற வேலையில், முப்பது வருடத்துக்குக் கிட்டக் கழித்துவிட்டேன். எங்கள் இனத்துக்குக் கட்டடக்கலைஞர்கள் மேல் இயல்பாகவே ஒரு சந்தேகம் உண்டு, அவர்கள் கை அசைத்தால் எங்கள் கணக்கு உடையும். பாவாவோ கை அசைப்பதில் பேர்போனவர். எழும்பி நிற்கிற சுவரைப் பார்த்துவிட்டு, இது இங்கே வேண்டாம், அங்கே தள்ளிக் கட்டுங்கள் என்று சொல்லிவிட்டுப் போகக்கூடிய மனிதர். அப்படிப்பட்டவரைப் பற்றி நான் நல்லதாக எழுதுகிறேன் என்றால் கொஞ்சம் பொறுத்து வாசியுங்கள்.

முதலில் ஒரு விஷயம். பாவாவை ஹோட்டல்களில் தொடங்கினால் ஒன்றும் பிடிபடாது. தோட்டத்தில் தொடங்க வேண்டும். அவர் தோட்டத்தில் ஆசை வைத்துப் பிறகு கட்டடத்துக்கு வந்தவர். அவர் கட்டடங்கள் எல்லாமே வெளியே பார்ப்பதற்காக ஒரு ஆள் போட்டுக்கொண்ட உட்காருமிடங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

பிறந்தது 1919 ஜூலை 23, கொழும்பில். அப்பா பெஞ்சமின் பாவா பெயர்போன வழக்கறிஞர், அவர் பக்கம் முஸ்லிம் இரத்தமும் ஆங்கில இரத்தமும். அம்மா பேர்த்தா ஐரோப்பிய வழிவந்த பறங்கியர் சமூகம். வசதியான குடும்பம், அதை மறைக்கவே வேண்டாம். றோயல் கல்லூரி, பிறகு கேம்பிரிட்ஜில் ஆங்கில இலக்கியம், அப்புறம் சட்டம். லண்டனில் பாரிஸ்டராகித் திரும்பி வந்து கொழும்பில் கொஞ்ச நாள் வழக்காடினார். பிடிக்கவில்லை. 1946இல் அம்மா இறந்த பிறகு எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊர் சுற்றக் கிளம்பினார்: தூர கிழக்கு, அமெரிக்கா, ஐரோப்பா என்று கிட்டத்தட்ட இரண்டு வருடம். இத்தாலியில் கார்டா ஏரிக்கரையில் ஒரு பழைய மாளிகையை வாங்கி அங்கேயே தங்கிவிடுவதாக ஒரு திட்டமும் இருந்தது. அது சரிவரவில்லை. நமக்கு நல்லதாய்ப் போயிற்று.

1948இல், இலங்கை சுதந்திரம் பெற்ற அதே வருடம், பெந்தோட்டைக்கு உள்ளே தெத்துவ வாவிக்கரையில் கவனிப்பாரற்றுக் கிடந்த ஒரு இறப்பர் தோட்டத்தை வாங்கினார். ஒல்லாந்தர் காலத்தில் கறுவாத் தோட்டமாக இருந்ததாம், வெள்ளைக்காரன் காலத்தில் இறப்பர். அதற்குப் பெயர் லுணுகங்க. சிங்களத்தில் லுணு என்றால் உப்பு, கங்க என்றால் ஆறு. உப்பாறு என்று நாங்கள் சொல்வோமே, அதேதான். இத்தாலியத் தோட்டம் கிடைக்காதவர் இங்கேயே ஒன்றைப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தார்.

போட்டுப் பார்த்தபோதுதான் மண்டைக்குள் உள்ளது மண்ணில் வரவில்லை என்று தெரிந்திருக்கிறது. எந்தச் சுவர் எவ்வளவு தாங்கும், தண்ணீர் எப்படி வடியும் என்ற தொழில் விவரம் தெரியாமல் வெறும் ரசனையை வைத்துக்கொண்டு என்ன செய்ய? 1951இல் கொழும்பில் எட்வர்ட்ஸ், ரீட் அண்ட் பெக் என்ற பழைய நிறுவனத்தில் எச். எச். ரீட் என்பவரிடம் பயிலுநராகச் சேர்ந்தார். அடுத்த வருடமே ரீட் இறந்துபோனார். பாவா மறுபடி லண்டன் போய், ஆர்க்கிடெக்சரல் அசோசியேஷன் பள்ளியில் தன்னைவிடப் பத்துப் பதினைந்து வயது இளைய பொடியன்களோடு உட்கார்ந்து படித்து 1957இல் முடித்தார். அப்போது வயது 38. எங்கள் பக்கத்தில் அந்த வயதில் பிள்ளைகளுக்கு டியூஷன் தேடிக்கொண்டிருப்போம். அவர் திரும்பி வந்து, ரீட் விட்டுப்போன நிறுவனத்தில் மிச்சமாயிருந்ததை எடுத்து நடத்தத் தொடங்கினார்.

லுணுகங்கவை நான் முதலில் பார்த்தது ஒரு மழை மாதத்தில். வெள்ளவத்தையில் ரயில் ஏறினால் கடலை ஒட்டியே அளுத்கம வரைக்கும் போகலாம், அங்கிருந்து த்ரீவீல். டிரைவருக்குப் பாவா என்ற பேர் தெரியாது, "வாவிக்கரைப் பெரிய வளவு" என்று சொன்ன பிறகுதான் தலையாட்டினார். படலையைத் தாண்டி உள்ளே போனால் முதலில் ஏமாற்றம்தான் வரும், சொல்லிவைக்கிறேன். பூ இல்லை. பேராதனைப் பூங்காவைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு வரிசையாய்ப் பாத்தி, பெயர்ப்பலகை, சிவப்பு மஞ்சள் எல்லாம் வேண்டியிருக்கும். இங்கே பச்சை, அதற்குப் பக்கத்தில் வேறொரு பச்சை, அதற்கு அப்பால் கறுப்பாய்த் தண்ணீர். நான் நின்ற இடத்திலிருந்து ஐந்து அடி தள்ளி ஒரு கபரகொய்யா, அந்தப் பெரிய நீர் உடும்பு, முதலை என்று நினைத்து ஒரு கணம் உறைந்துபோனேன், அது என்னைக் கணக்கில் எடுக்காமல் நெல்வயலுக்குள் இறங்கிப் போயிற்று. ஆமாம், தோட்டத்துக்குள்ளேயே ஒரு துண்டு வயல். மேலிருந்து பார்த்தால் சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சி மாதிரி.

ஏதோ காடு என்று விட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால்தான் வேலை தெரியும். வீட்டுக்குத் தெற்கே புல்வெளி சரிந்து இறங்கி, எதிரே கறுவாக் குன்றில் ஏறுகிறது. குன்றின் மேல் ஒரு பெரிய மரம், அதன் கீழே ஒரு பழைய சீனச் சாடி, அதற்கும் அப்பால் வாவி, வாவிக்கு அப்பால் தூரத்தில் கட்டகுலிய விகாரையின் வெள்ளைத் தாதுகோபம். எல்லாம் ஒரே கோட்டில். இந்தக் கோட்டைத் திறக்க அவர் எத்தனை இறப்பர் மரத்தை வெட்டியிருப்பார் என்று என் தொழில் புத்தி கணக்குப் போட்டது. அந்தத் தாதுகோபம் அவருடைய காணியில்லை, அவர் கட்டியதுமில்லை, ஆனால் தோட்டத்துக்குள் சேர்த்துக்கொண்டார், காசில்லாமல்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது வேறு. வீட்டுக்கும் அந்தக் குன்றுக்கும் நடுவே ஊருக்குப் போகிற பொதுப் பாதை ஒன்று ஓடுகிறது. சனம் போகும், சைக்கிள் போகும். மூடச் சொல்ல முடியாது. வேறு யாராவது என்றால் ஒரு மதில் எழுப்பியிருப்பார், மதிலோடு காட்சியும் போயிருக்கும். பாவா பாதையைப் பள்ளத்துக்குள் இறக்கி, அதற்கு மேலால் புல்வெளியைக் கொண்டுபோய்விட்டார். விறாந்தையில் இருந்து பார்த்தால் புல் அறுபடாமல் குன்றில் ஏறுவதுதான் தெரியும், கீழே பாதையில் நடக்கிற ஆளின் தலைமயிர்கூடத் தெரியாது. கிட்டப் போய் எட்டிப் பார்த்தால்தான் அடடா, கீழே ரோடு! நான் எட்டிப் பார்த்த நேரம் பள்ளிக்கூடம் விட்டு வந்த இரண்டு பிள்ளைகள் அண்ணாந்து பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள்.

குன்றில் நிற்கிற அந்த மரத்தைச் சிங்களத்தில் மூணமல் என்பார்கள். நம்முடைய மகிழமரம்தான் அது.

இன்னொன்று அந்த ஈழத்தலரி. சிங்களத்தில் அரலிய, விகாரை வாசலில் எல்லாம் நிற்கும். வாவியைப் பார்த்த மேடையில் நிற்கிற ஒன்றின் கொப்புகள் வழக்கம்போல மேலே போகாமல் பக்கவாட்டில், கை விரித்துப் படுத்த மாதிரிப் பரந்து கிடக்கும். அது தானாக வளர்ந்த விதமில்லை. கொப்பில் பாரம் கட்டித் தொங்கவிட்டு, வருடக்கணக்காக இழுத்து இழுத்து அந்த வடிவத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார். ஒரு கொப்பு தான் நினைத்த கோணத்தில் வளைவதைப் பார்க்கப் பத்து வருடம் காத்திருக்கிற ஆளிடம் போய், ஐயா, இந்த மாதப் பில்லுக்குள் சுவரை முடித்துத் தாருங்கள் என்று கேட்டால் எப்படி இருக்கும்? எங்கள் ஆட்கள் பட்ட பாடு அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

கொழும்பில் கிழமை முழுக்க வேலை, கிழமை முடிவில் லுணுகங்க. இது ஒரு வருடம் இரண்டு வருடமில்லை, கிட்டத்தட்ட ஐம்பது வருடம். தோட்டத்தில் அங்கங்கே மேசை நாற்காலி போட்டிருப்பார், காலைச் சாப்பாட்டுக்கு ஒன்று, மத்தியானத்துக்கு ஒன்று, பின்னேரம் வேறொன்று, வெயில் எப்படி நகருகிறதோ அப்படி இவரும் நகர்ந்துகொண்டேயிருப்பார். ஒவ்வொரு இடத்திலும் ஒரு மணி. ஒவ்வொன்றுக்கும் சத்தம் வேறு, எந்த மணி அடிக்கிறது என்று கேட்டாலே ஐயா எங்கே இருக்கிறார், தேத்தண்ணியை எங்கே கொண்டுபோவது என்று குசினியில் தெரிந்துவிடும். பெரிய மனிதரின் சோம்பேறித்தனம் என்று நீங்கள் சொல்லலாம். இருக்கட்டும். ஆனால் ஒரு நாளின் எந்த நேரத்தில் நிழல் எங்கே விழும், காற்று எந்தப் பக்கம் வரும் என்று ஐம்பது வருடம் உடம்பால் படித்த ஆள் வேறு யார் இருக்கிறார் சொல்லுங்கள்.

இடையில் ஒரு தமையனைச் சொல்லாமல் போக முடியாது. பெவிஸ் பாவா, ஜெஃப்ரிக்குப் பத்து வயது மூத்தவர். ஆளுநர்களுக்கு ஏ.டி.சி.யாக, அதாவது கூடவே இருக்கிற உதவி அதிகாரியாக இருந்தவர், தோட்டக்கலையில் தம்பிக்கு முன்னோடி. அவருடைய தோட்டத்துக்குப் பெயர் பிரீஃப், அதுவும் பேருவளை, அளுத்கமப் பக்கம்தான். அப்பாவுக்கு ஒரு வழக்கில் கிடைத்த காசில் வாங்கிய காணி என்பதால் அந்தப் பெயராம், வழக்கறிஞர் பாஷையில் பிரீஃப் என்றால் கையில் எடுக்கிற வழக்கு. ஒரே நாளில் இரண்டையும் பார்க்கலாம், பார்த்தால் அண்ணன் தம்பி குணமும் தெரியும். பெவிஸின் தோட்டம் நெருக்கமாக, குறும்பாக, திரும்பிய பக்கமெல்லாம் ஒரு சிலை நம்மைப் பார்த்துப் பல்லிளிக்கும். தம்பியினுடையது அமைதி. எனக்குத் தம்பியின் தோட்டம்தான், ஆனால் பெவிஸுக்கும் ஆட்கள் உண்டு, என் மனைவி அந்தக் கட்சி.

சரி, கட்டடத்துக்கு வருவோம். தோட்டத்தில் கற்றதை அவர் எங்கே காட்டினார் என்றால், முதலில் கூரையில். நம் நாட்டில் வீடு என்றால் முதலில் கூரை, சுவரெல்லாம் பிறகு என்பதுதான் அவர் நிலைப்பாடு. பெரிய கூரை, நீண்ட இறவாணம், அதன் கீழே சுவரைக் குறைத்துக்கொண்டே போகலாம். லண்டனில் படித்து வந்த மற்றவர்கள் அந்தக் காலத்தில் தட்டைக் கொங்கிரீட் கூரை போட்டார்கள், முதல் வருட மழையிலேயே ஒழுகியது, வெயிலில் உள்ளே இருப்பவர் அவிந்தார். பாவாவும் தொடக்கத்தில் கொஞ்சம் அந்தப் பக்கம் போனவர்தான். பிறகு அவரும் அவருடைய டேனிஷ் கூட்டாளி உல்ரிக் பிளெஸ்னரும் பழைய விகாரை, வளவு வீடுகளையெல்லாம் அளந்து பார்த்து ஓட்டுக்குத் திரும்பினார்கள்.

அந்த ஓட்டிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது, தொழில்காரன் என்பதால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். நாட்டு ஓடு, அந்த அரைவட்ட ஓடு, பார்க்க அழகு, வெக்கையும் தெரியாது, ஆனால் அணில் ஓடினால் நகரும், குரங்கு ஏறினால் உடையும், வருடாவருடம் ஓடு மாற்ற ஆள் வேண்டும், இல்லாவிட்டால் பாத்திரம் வைத்து மழை பிடிக்க வேண்டியதுதான். அஸ்பெஸ்டாஸ் ஷீட் மலிவு, ஒழுகாது, ஆனால் பார்க்கச் சகிக்காது, சூடு வேறு. இவர்கள் என்ன செய்தார்கள் என்றால் நெளிவு ஷீட்டைக் கீழே போட்டு, அதன் நெளிவுகளில் நாட்டு ஓட்டைப் பதித்தார்கள். மழையைத் தடுப்பது ஷீட், வெயிலைத் தாங்குவது ஓடு. ஓடு நகர்ந்தாலும் உள்ளே ஒழுகாது. இன்றைக்கு இலங்கை முழுக்க ஹோட்டலில் இருந்து தபாற்கந்தோர் வரைக்கும் இந்தக் கூரைதான், யார் தொடங்கிவைத்தது என்று ஓடு வேய்கிற பாஸுக்குத் தெரியாது. அஸ்பெஸ்டாஸ் நல்லதா கெட்டதா என்பது இன்றைய கேள்வி.

கூரை நம்பகமானதும் சுவர் கழன்றுவிட்டது. 1960 வாக்கில் கொழும்பில் பத்திக், அதாவது துணியில் மெழுகு வைத்துச் சாயம் ஏற்றுகிற கலையில் பேர்போன எனா டி சில்வாவுக்குக் கட்டிய வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தெருவுக்கு முகத்தைக் காட்டாமல் மதிலுக்குள் திரும்பி உட்கார்ந்த வீடு, நடுவே முற்றம், சுற்றிவரத் தாழ்வாரம். யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு இதில் அதிசயம் ஒன்றுமில்லை, எங்கள் அப்பப்பாவின் நாற்சார் வீடும் இதே கணக்குத்தான்: நடுவே வானம், சுற்றிவர நாம். ஆனால் நாங்கள் எல்லோரும் அதை இடித்துவிட்டுப் பெட்டி வீடு கட்டிக்கொண்டிருந்த நேரத்தில் ஒருவர் கொழும்பின் சின்னக் காணிக்குள் அதை மீட்டெடுத்தார் என்பதுதான் செய்தி. அந்த வீட்டின் கதை பிறகு வேறு மாதிரி ஆயிற்று. காணி கைமாறி இடிபடப் போகிற நிலை வந்தபோது, கல்லுக்கு இலக்கம், ஓட்டுக்கு இலக்கம், மரத்துக்கு இலக்கம் என்று எழுதி அக்கக்காகக் கழற்றி லுணுகங்கவுக்கு ஏற்றிப்போய், அங்கே திரும்பக் கட்டி 2016இல் திறந்தார்கள். ஒரு வீட்டை மறுபடி கூட்டுவதற்குப் புதிதாகக் கட்டுவதைவிடச் செலவு அதிகம். கணக்குப் போடுகிறவன் சம்மதிக்காத வேலை. போய்ப் பார்த்தேன். சம்மதித்துவிட்டேன்.

வெளியைப் பற்றி அவருக்கு இருந்த பைத்தியத்துக்கு இன்னும் நல்ல உதாரணம் பொலொந்தலாவை. 1960களின் நடுவில் ஒரு தென்னந்தோட்டத்துக்கு முகாமையாளர் வீடு கட்ட வேண்டும். காணி முழுக்க யானை யானையாய்ப் பாறைகள். வேறு யாராவது என்றால் பாறையில்லாத இடம் தேடுவார்கள், அல்லது வெடிவைப்பார்கள். பாவாவும் பிளெஸ்னரும் பாறைகளுக்கு நடுவிலேயே, குச்சி நட்டு நூல் கட்டி, அங்கேயே வீட்டைக் குறித்தார்கள். படம் கீறிக் கொண்டுவந்து நிலத்தைத் திருத்தும் கதையே இல்லை. கூரையின் உத்தரம் பாறையின் தோளில் போய் உட்கார்ந்திருக்கும்.

படம் என்றதும் ஞாபகம் வருகிறது. அவருடைய அலுவலகத்து வரைபடங்களை வாய்ப்புக் கிடைத்தால் பாருங்கள். சாதாரணமாக நாங்கள் பார்க்கிற திட்டப்படத்தில் மரம் என்றால் ஒரு வட்டம், நடுவில் ஒரு புள்ளி. இவர்களுடைய படத்தில் இன்ன மரம், இந்தப் பக்கம் கொப்பு சாய்ந்திருக்கிறது என்று இலை இலையாகக் கீறியிருக்கும், கட்டடம் அதற்குப் பின்னால் கூச்சத்தோடு நிற்கும். லக்கி சேனாநாயக்க, இஸ்மத் ரஹீம் போன்ற கலைஞர்களின் கை அது.

இப்போது தம்பியின் கேள்விக்கு நேராக. பணக்காரர்களுக்குக் கட்டினாரா? கட்டினார். பெந்தோட்டைக் கடற்கரை ஹோட்டலை 1969இல் முடித்தார், அதற்குப் பிறகு இந்தத் தீவில் கடற்கரை ஹோட்டல் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்பதே மாறிப்போயிற்று. ஆனால் ஹன்வெல்லவில் நல்மேய்ப்பர் சபைக் கன்னியாஸ்திரிகளுக்காக, ஆதரவற்ற பெண்பிள்ளைகள் விவசாயம் பழக ஒரு பண்ணைப் பள்ளியும் கட்டினார். பண்டாரவளையில் அதே சபைக்குக் கருங்கல்லில் ஒரு சின்னத் தேவாலயம், மலைச்சரிவோடு சரிவாக. கொழும்பில் பேரை வாவிக்குள் மிதக்கிற சீமா மாலகய என்ற பௌத்த மண்டபத்துக்குள் யாரும் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் உட்காரலாம். அப்புறம் மாத்தறை ருஹுணுப் பல்கலைக்கழகம், 1980களில் கட்டியது. அங்கே படித்த ஒரு பெண்பிள்ளை என்னோடு வேலைசெய்தாள், அவளுக்குப் பாவாவைத் தெரியாது, ஆனால் "சேர், அங்கே மழைக்குள் நனையாமல் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நடக்கலாம், நடக்கும்போதே திடீரென்று கடல் தெரியும்" என்றாள். அந்த "திடீரென்று" இருக்கிறதே, அதைத் திட்டம் போட்டவர் அவர்தான். குன்றுகளைச் சமப்படுத்தாமல் சரிவோடு சரிவாகக் கட்டடங்களை இறக்கி, இடையிடையே மூடிய நடைபாதை போட்டு, எந்தத் திருப்பத்தில் சுவர் நிற்க வேண்டும் என்று பார்த்து நிறுத்தியது.

தமிழர் என்ற வகையில் இரண்டு விஷயம் சொல்லவேண்டும். 1967இல் பிளெஸ்னர் விலகிய பிறகு பாவாவின் கூட்டாளியானவர் பொறியியலாளர் கலாநிதி பூலோகசுந்தரம். இருபது வருடத்துக்கு மேல், அந்த நிறுவனத்தின் பெரிய வேலைகள் எல்லாவற்றுக்கும் பின்னால் கணக்கும் கட்டுப்பாடுமாக நின்றது அவர்தான். ஒருவர் மரத்தைப் பார்த்துச் சுவரை நகர்த்துவார், மற்றவர் அந்தச் சுவரை நிற்கவைப்பார். கட்டடக்கலை பற்றி எழுதுகிறவர்கள் பாவாவுக்குப் பத்துப் பக்கம் எழுதினால் இவருக்கு இரண்டு வரி எழுதுவார்கள், எனக்கு அதில் மனக்குறை உண்டு. மற்றது, மதுரை. கோச்சடையில் ஒரு நூற்பாலை நிறுவனத்தின் அதிகாரிகளுக்காக 1970களின் முதல் பாதியில் பாவா கட்டிய மதுரை கிளப், இப்போது ஹோட்டலாக இருக்கிறது. அந்த ஊர்க் கருங்கல், பழைய வீடுகளில் இருந்து எடுத்த தூண், கதவு என்று, புதுக் கட்டடம் என்றே சொல்ல முடியாதபடி செய்திருப்பார். தமிழ்நாட்டுக் கல்தச்சர்களின் கை வேலையில் அவருக்குப் பெரிய மயக்கம். கொழும்பு 33ஆம் ஒழுங்கையில் நாலு சின்ன வீடுகளை ஒன்றாக்கித் தனக்கென்று கட்டிக்கொண்ட வீட்டிலும் செட்டிநாட்டு மரத்தூண்கள் நிற்கின்றன.

பாராளுமன்றம். 1979இல் ஜனாதிபதி ஜே. ஆர். ஜெயவர்தன ஒப்படைத்தார், 1982 ஏப்ரல் 29 திறந்தார்கள். கோட்டேயில் சதுப்பாகக் கிடந்த சுமார் 120 ஹெக்டேரைத் தோண்டி வாவியாக்கி, நடுவில் தீவு விட்டு, அதன் மேல் செப்புக் கூரைகளோடு எழுப்பிய கட்டடம். மூன்று வருடத்துக்குள். அந்தக் கட்டடத்திலும் அவர் முதலில் செய்தது தண்ணீரை வரவைத்ததுதான் என்று கவனியுங்கள், தோட்டக்காரன் புத்தி. தூரத்திலிருந்து, பின்னேர வெயிலில், ஒரு பழைய இராசதானி மிதக்கிற மாதிரி இருக்கும். எனக்கு அதை வெறும் அழகாகப் பார்க்க வராது. திறந்து ஒன்றரை வருடத்துக்குள், 83 கலவரத்துக்குப் பிறகு, தனிநாடு கேட்பதில்லை என்று அரசியலமைப்பின் ஆறாம் திருத்தத்தின் கீழ் சத்தியம் செய்ய மறுத்த தமிழர் விடுதலைக் கூட்டணி உறுப்பினர்கள் எல்லோரும் அந்தச் சபையில் ஆசனம் இழந்தார்கள். கட்டியவர் குற்றமில்லை. ஆனால் பஸ்ஸில் அதைத் தாண்டும்போது என் மனதில் முதலில் வருவது செப்புக் கூரையில்லை.

கந்தளம ஹோட்டல்தான் அவர் மேல் வந்த பெரிய சண்டை. 1990களின் தொடக்கம். முதலாளிகள் சீகிரியாவின் காலடியிலேயே கட்டக் கேட்டார்கள், பாவா மறுத்து, ஹெலிகொப்டரில் சுற்றிப் பார்த்து, சீகிரியா தூரத்தில் தெரிகிற கந்தளமக் குளத்தின் மேல் ஒரு பாறைச் சரிவைக் காட்டினார். அதற்கும் எதிர்ப்பு: பிக்குமார், சூழல் அமைப்புகள், ஊரவர், ஊர்வலம், பத்திரிகை எல்லாம். குளத்துத் தண்ணீர் என்னவாகும், காடு என்னவாகும் என்ற பயம் பொய்ப் பயமில்லை. கட்டியே விட்டார்கள், 152 அறைகள், கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் நீளம். பாறையைச் செதுக்காமல் தூண்களில் தூக்கி நிறுத்தியதால் மழைத் தண்ணீர் கீழால் ஓடிக் குளத்துக்குப் போகிறது. முகப்பில் மரச்சட்டம் அடித்துக் கொடிகளை ஏறவிட்டார்கள், இப்போது குளத்துக்கு அந்தப் பக்கம் நின்றால் ஹோட்டலைத் தேட வேண்டும். எனக்கு இன்னும் இரண்டு மனம்தான். அங்கே அப்படி ஒன்று தேவையா என்று கேட்டால் தேவையில்லை என்பேன். கட்டத்தான் போகிறார்கள் என்றால் இவரைப்போல ஒருவர் கட்டட்டும் என்றும் சொல்வேன்.

குறையும் சொல்லத்தானே வேண்டும். திறந்த வீட்டில் மழை அடித்தால் சாய்மணை நனையும், இரவில் ஈசல் சாப்பாட்டுக் கோப்பைக்குள் விழும், மெருகிட்ட சீமெந்துத் தளத்தில் பாசி பிடித்து வழுக்கும், கொடியை வெட்ட ஆள் வைக்க வேண்டும். ஆள் வைக்க வசதியுள்ளவனின் கட்டடக்கலை என்று ஒருவர் சொன்னால் என்னிடம் பெரிய பதில் கிடையாது. அதைவிடக் கொடுமை அவருக்குப் பிறகு வந்த "பாவா ஸ்டைல்". நடுவில் ஒரு முற்றம், அதில் ஒரு ஈழத்தலரி, ஒரு பெரிய சாடி, சுற்றிவர முழுக் கண்ணாடி, உள்ளே ஏசி. முற்றத்தைப் படமாகச் சட்டம் போட்டு மாட்டி வைத்திருப்பார்கள், ஒரு சொட்டுக் காற்று உள்ளே வராது. அப்படி ஒரு வீட்டுக்கு நானே பில் போட்டுக் கொடுத்திருக்கிறேன், பாவம் அந்த மரம்.

1998இல் பக்கவாதம் வந்து உடம்பும் பேச்சும் போயிற்று. அந்த நேரத்தில் நடந்துகொண்டிருந்த வேலைகளில் ஒன்று மிரிஸ்ஸவில் கடலைப் பார்த்த ஒரு குன்றின் மேல் வீடு. அதைப் பார்த்தவர்கள் சிலருக்கு வீடு எங்கே என்று கேட்கத் தோன்றும். மெல்லிய இரும்புத் தூண்கள், மேலே ஒரு தகரக் கூரை, அவ்வளவுதான். படுக்கையறைகளை நிலத்துக்குக் கீழே ஒளித்துவிட்டார். மேலே சுவரே கிடையாது. தென்னைக்கு நடுவே கூரை, கூரைக்குக் கீழே கடல். நாற்பது வருடமாகச் சுவரைக் கழற்றிக்கொண்டே வந்த மனிதர், கடைசியில் மிச்சம் வைத்தது அதைத்தான்.

அதற்கு முன்னும் பின்னும் விருதுகள் வந்தன. 2001இல் ஆகா கான் விருதுக் குழு வாழ்நாள் பணிக்கான சிறப்பு விருது கொடுத்தது. 2003 மே 27 அன்று காலமானார். லுணுகங்கவில் அந்தக் கறுவாக் குன்றில்தான் எரியூட்டினார்கள், விறாந்தையில் இருந்து ஐம்பது வருடம் அவர் பார்த்துக்கொண்டிருந்த அதே குன்று. தோட்டத்தை அறக்கட்டளைக்கு விட்டுப்போனதால் நீங்களும் நானும் முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போய்ப் பார்க்கலாம்.

போவதென்றால் ஒரு யோசனை. கூட்டத்தோடு ஒரு மணித்தியாலம் சுற்றிவிட்டு வராதீர்கள், காலையில் போய்ப் பின்னேரம் வரை இருங்கள், ஒரு மேசையில் உட்கார்ந்து வெயில் நகர்ந்தால் நீங்களும் அடுத்த மேசைக்கு நகருங்கள். குன்றுக்குப் போகும்போது மகிழமரத்தின் கீழே குனிந்து பாருங்கள், காலமென்றால் பூ கொட்டிக் கிடக்கும். குடையை மறக்க வேண்டாம். தெத்துவ வாவிப் பக்கத்து மழை முன்னறிவித்தல் தராது.